நடுச்சாமத்து வில்

குடத்தை வில்லோடு கட்டுவதற்கே வெகுநேரம் ஆனது. மேடையில் வைக்கோல் புரிமணையைப் போட்டு அதன்மேல் மண்குடத்தை உட்காரவைத்தார் குடக்காரர். இரண்டு ஆள் நீளத்துக்கு வில். வைரம் பாய்ந்த பனையில் செதுக்கியது, நெடுக மணிகள் தொங்கின. அதன் நடுவளைவைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கினார். வில் கீழே, தோல் நாண் மேலே. முடிச்சுப் போட்டதும் குடத்தைச் சுண்டிப் பார்த்தார். முகம் சுளித்தது. அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "ரொம்ப இறுக்குனா சத்தம் செத்துரும் தம்பி. தளர விட்டா வில்லு ஆடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிடி இருக்கு, அது கைக்குத்தான் தெரியும்" என்றார்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிப் பாசனத்தில் வாழை விளையும் ஊர். பங்குனி மாதம், சுடலைமாடன் கோயில் கொடைவிழா. வெள்ளையடித்த பீடங்களுக்கு மாலை சாத்தியாகிவிட்டது. மேடையும் பந்தலும் பீடத்துக்கு நேர் எதிரே. வில்லுப்பாட்டில் முதல் ரசிகர் சாமிதான், ஊர்சனம் அதற்கடுத்துதான்.

குழுவை நடத்துபவர் நாற்பதைக் கடந்த ஒரு பெண். புலவரம்மா என்று ஊரார் கூப்பிட்டார்கள், எனக்கு அக்கா. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் இப்போது பெண்கள் தலைமையேற்றுப் பாடும் குழுக்கள் நிறைய உண்டு. அக்கா நாணை அடிக்கும் வீசுகோல் பிடித்து வில்லுக்குப் பின்னே நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் உடுக்கையும் ஜால்ராவும், மறுபக்கம் குடமும் கட்டையும். கொடைக் காலம் போக மற்ற மாதங்களில் அக்கா பீடி சுற்றுகிறார். உடுக்கைக்காரர் தையல் கடை வைத்திருக்கிறார். குடக்காரருக்கு வயல் வேலை. சம்பளத்தில் வண்டி வாடகை போக மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்களாம். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் உச்சிக்கொடைக்குப் பாடி முடித்துச் சாப்பிட்டபின், வேப்பமர நிழலில் அக்கா தன் நோட்டை விரித்தார். ஏட்டிலிருந்து அவருடைய குரு எழுதிவைத்தது, அதைப் பார்த்து இவர் எழுதியது. கதை வரியை மாற்றக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். "மாத்துனா சாமிக்குப் பொறுக்காது." அப்படியானால் உங்கள் வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "எந்த வரியில நிக்கணும், எதைத் திருப்பிப் பாடணும், எந்த இடத்துல வசனம் பேசணும், எப்ப கைய ஓட்டணும். அதெல்லாம் நோட்டுல கிடையாது தம்பி. எதிர்ல இருக்க ஆளைப் பாத்துப் பாடுதோம்."

அன்றிரவு இரண்டு கதைகள். நடுச்சாமத்துக்குச் சுடலையை வரவழைக்கும் வரத்துப்பாட்டு. அதற்கு முன் முத்துப்பட்டன் கதை. முத்துப்பட்டன்தான் சாமியாகிப் பட்டவராயன் ஆனான்; இந்தக் கோயிலில் அவனுக்கும் ஒரு பீடம் இருக்கிறது. பேராசிரியர் நா.வானமாமலை பதிப்பித்ததால் படித்தவர்களும் அறிந்த கதை அது. பிராமணனான முத்துப்பட்டன் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியச் சகோதரிகளைக் கண்டு மணக்க விரும்புகிறான். பெண்களின் தகப்பன் வாலப்பகடை ஒரு நிபந்தனை வைக்கிறான்: பூணூலை அறுக்க வேண்டும், குடுமியைக் களைய வேண்டும், செருப்புத் தைக்க வேண்டும். பட்டன் அப்படியே செய்கிறான். பின்னர் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசம் மலையில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அதன் வேர் பட்டன் செருப்புத் தைக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது.

"செருப்புத் தைக்க இடத்த நான் மெதுவாத்தான் பாடுவேன்" என்றார் அக்கா. அந்த இடத்தில் உடுக்கையை நிறுத்திவிடுவாராம். கட்டை மட்டும் தோலில் சுத்தியல் விழுகிற கணக்கில் தட்டும். கட்டைக்காரப் பையன் அதைத் தரையில் தட்டிக் காட்டினான். ஒரு தட்டு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கு நடுவே அரை மணி நேரம் பாடியிருக்கிறேன், கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள் என்றார் அக்கா.

இரவு எட்டு மணிக்கு மேடைக்குப் பக்கத்திலேயே ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கியது. பத்து மணிக்கு முடியும் என்றார்கள், முடியவில்லை. ஸ்பீக்கர் அதிர்வில் குடத்தின் மீது வைத்த கை நடுங்குவதாகக் குடக்காரர் சொன்னார். வில்லுக்கு மைக் கிடைத்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. சாமக்கொடைக்கு நேரம் தவறக் கூடாது. பட்டன் கதையைக் கொஞ்ச நேரத்தில் முடித்தாக வேண்டும். அக்கா பிறப்பைப் பாடினார், காட்டைப் பாடினார், கல்யாணத்தைப் பாடினார், நேரே சண்டைக்குப் போய்விட்டார். செருப்புத் தைக்கும் கட்டம் வரவே இல்லை. ஒரு மனிதன் தன் சாதியைக் கழற்றி வைத்த இடம் போய், ஒரு வீரன் வெட்டுப்பட்ட இடம் மட்டும் மிஞ்சியது. எனக்கு மனசே ஆறவில்லை.

ஆனால் நடுச்சாமத்தில் நான் கண்டதையும் சொல்லியாக வேண்டும். பார்வதியின் விளக்குச் சுடரில் பிறந்து, சுடுகாட்டில் பிணம் தின்று பூமிக்கு அனுப்பப்பட்ட மாடனை அழைக்கிற பாட்டு. பீடத்தின் முன்னே, சாமியாடும் கோமரத்தாடி தலைகுனிந்து நின்றார். அக்கா நோட்டைப் பார்க்கவில்லை, அவருடைய கால்களைத்தான் பார்த்தார். கால் அசையாதவரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். பின்பாட்டுக்காரர்கள் அந்த வரியின் பின்பாதியை வாங்கி வாங்கிக் கொடுத்தார்கள். பெருவிரல் தரையை ஊன்றியது. உடனே வீசுகோல் வேகம் பிடித்தது. குடக்காரர் ஒரு கையால் பத்தி எனும் தட்டும் மட்டையைக் குடத்தின் வாயில் அறைந்தார், மறுகையால் குடத்தின் வயிற்றில் தட்டினார். உடுக்கைக்காரர் கயிற்றை அழுத்தி அழுத்திச் சுருதியை ஏற்றினார். குலவைச் சத்தத்துக்கு நடுவே கோமரத்தாடி துள்ளி எழுந்தார். அடுத்த வரியை அக்கா எடுத்தது அதற்குப் பிறகுதான். கேட்பவரின் உடம்பைப் படித்துப் படித்துக் கவிதையை நகர்த்தும் இந்தத் திறமையை வேறெந்த மேடையிலும் நான் கண்டதில்லை. வில்லுப்பாட்டை ஊர் ஊராகப் போய்க் கேட்டு 1988இல் நூல் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பாட்டு வழிபாட்டின் நடுவை நெருங்க நெருங்க அதன் போக்கே மாறுவதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அன்று அது கண்ணெதிரே நடந்தது.

இப்படிக் கோயில் மேடையில் இருந்த வில்லைக் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சென்னைக்குக் கொண்டுபோனார். அவருக்கு எழுதிக்கொடுத்த சுப்பு ஆறுமுகம் சபாவிலும் வானொலியிலும் அதை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், அடுத்த ஆண்டு மறைந்தார். அவர் இல்லாவிட்டால் வடமாவட்டத்துக்காரர்களுக்கு வில் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. ஆனால் சபாவின் ஒன்றரை மணி நேரக் கணக்கு ஊர்க் கொடைக்குப் பொருந்தாது. இங்கே கதைக்கு ஓர் இரவு முழுதும் வேண்டும்.

விடியலில் வில்லை அவிழ்க்கும்போது அக்கா தானாகவே சொன்னார்: "அந்த இடத்த விட்டுட்டேன் பாத்தீங்களா. பட்டவராயன் மன்னிக்கணும்." மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரல்லர்.

கொடை நடத்தும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இளைஞர்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டுமென்றால் வையுங்கள். அதை மறுநாள் வையுங்கள். கொடையன்று இரவு ஒன்பது மணி முதல் விடியும்வரை மேடையை வில்லுக்கே விடுங்கள். மாசி முதல் வைகாசி வரை தென்மாவட்டங்களில் ஏதாவது ஓர் ஊரில் கொடை நடந்துகொண்டே இருக்கும். வாசகர்கள் போய் முன்வரிசையில் உட்காருங்கள். பட்டன் கதை பாடினால், செருப்புத் தைக்கும் கட்டத்தை முழுசாகப் பாடச் சொல்லிக் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் அவர்கள் பாடுவார்கள்.