வந்தியத்தேவனும் எம்-த்ரீ அரியரும்

ஃப்ரெண்ட்ஸ், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன செமஸ்டர் லீவுல இன்ஜினீயரிங்கையே விட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்குக் காரணம் ஒரு எழுத்தாளர். அந்த முடிவை மாத்தினதும் பாதி அவர்தான். பேரு... கல்கி!

நமக்கு ஊர் திருவண்ணாமலை. தேரடி வீதியில அப்பாவுக்குச் சின்னதா ஒரு பூஜை சாமான் கடை. ஆறாவது படிக்கும்போது, ஆயாவோட ட்ரங்க் பெட்டியில ‘பொன்னியின் செல்வன்’ கிடைச்சுது. ஆயாவோட அப்பா வாராவாரம் பத்திரிகையில இருந்து கிழிச்சு, சேர்த்து வெச்சு பைண்டு பண்ணினது. அவ்வளவுதான், ஆள் காலி! கடைக்கு சைக்கிள்ல சாப்பாடு கொண்டுபோகும்போதுகூட, மனசுக்குள்ள நான் குதிரை மேலதான் இருந்தேன். அதுவும் வந்தியத்தேவன் வாணர் குலத்து ஆளு, திருவல்லம் பக்கம்னு தெரிஞ்சதும் சொல்லவே வேணாம். பழைய வட ஆற்காடு பாஸ்... நம்ம ஏரியா பையன்!

கட் பண்ணா, தேர்ட் இயர். எம்-த்ரீல அரியர். ரெண்டு தடவை எழுதியும் ஊத்திக்கிச்சு. அந்தக் கடுப்புல லைப்ரரி பக்கம் ஒதுங்கினப்பதான் சுந்தா எழுதின கல்கியோட வாழ்க்கை வரலாறு கண்ணுல பட்டுது. ‘பொன்னியின் புதல்வர்’. தலைக்கு வெச்சுத் தூங்கற சைஸ்ல குண்டுப் புத்தகம். எடுத்துட்டு வந்துட்டேன்.

1921. திருச்சியில படிச்சிட்டிருந்த கிருஷ்ணமூர்த்திங்கற பையன், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, காந்தியோட ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டுடறார். நான் அந்த இடத்துலயே புக்கை மூடிட்டேன். கல்கிக்கே எஸ்.எஸ்.எல்.சி. தேவைப்படலை, நமக்கு எதுக்கு எம்-த்ரீ?

எங்க ஊர்ல பௌர்ணமின்னா கடையில செம கூட்டம். அதனால அப்பா மறுநாள் ராத்திரிதான் கிரிவலம் போவார். 14 கிலோமீட்டர் கூடவே நடந்தா எப்படியும் சொல்லிடலாம்னு நானும் கிளம்பினேன். நிருதி லிங்கம் தாண்டினதும் விஷயத்தை உடைச்சேன். கல்கி கதையையும் சேர்த்துத்தான். அப்பா பேசவே இல்லை. வாயு லிங்கம் வந்தப்பதான் வாயைத் திறந்தார்.

“அவரு நாட்டுக்காக விட்டாரு. சரி. நீ எதுக்காகடா விடற?”

‘எம்-த்ரீக்காகப்பா’ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

வீட்டுக்கு வந்து, மூடின பக்கத்தை மறுபடி பிரிச்சேன். அடுத்து என்ன ஆச்சுன்னு நினைக்கிறீங்க? 1922-ல ஒரு வருஷ ஜெயில். வெளியே வந்து, திரு.வி.க.வோட ‘நவசக்தி’யில உதவி ஆசிரியர் வேலை. அப்புறம் திருச்செங்கோடு ஆசிரமத்துல ராஜாஜியோட மதுவிலக்குப் பத்திரிகை ‘விமோசனம்’. 1930-ல திரும்பவும் ஜெயில். அதுக்கப்புறம்தான் ‘ஆனந்த விகடன்’ல பேரும் புகழும். 1941-ல அந்த வேலையையும் விட்டுட்டு மூணாவது தடவை ஜெயில். அந்த வருஷமே சதாசிவத்தோட சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகை ஆரம்பிக்கறார். முதலுக்குக் காசு வேணுமேன்னு எம்.எஸ்.சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்துல நாரதரா நடிச்சாங்க!

‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயம் வந்தது 1950 அக்டோபர் 29. அப்போ அவருக்கு வயசு 51. பள்ளிக்கூடத்தை விட்ட நாள்ல இருந்து எண்ணினா 29 வருஷம்! நாவல்ல வந்தியத்தேவன் குதிரையைத் தட்டிவிட்டா அடுத்த அத்தியாயத்துல ஊர் வந்துடும். அதை எழுதினவருக்கு அப்படி வரலை.

மூணரை வருஷம் வாராவாரம் எழுதி, 1954-ல கதையை முடிக்கறார். அதே வருஷம் டிசம்பர் 5-ம் தேதி போய்ச் சேர்ந்துட்டார். 55 வயசுதான். அதைப் படிச்சதுக்கு அப்புறம் ஆழ்வார்க்கடியான் காமெடியைத் திரும்பப் புரட்டினேன். சிரிப்பு வந்துது. கூடவே தொண்டையையும் அடைச்சுது.

நீங்களும் ஏதாவது ஒரு டிராப்-அவுட் ஹீரோவை மனசுல வெச்சிருந்தா, அவர் படிப்பை விட்ட பக்கத்தோட நிறுத்திடாதீங்க. அடுத்த பக்கத்தையும் புரட்டுங்க. நாளைக்கே நான் இன்ஜினீயரிங்கை விடலாம், விடாமலும் போகலாம். ஆனா விட்டா, வாயு லிங்கத்துகிட்ட அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் கையில இருக்கணும். அரியர் பயம் அதுக்குப் பதில் இல்லை.

எம்-த்ரீ மூணாவது தடவை எழுதியாச்சு. ரிசல்ட் இன்னும் வரலை. இதோ, எழுதறதையும் விடலை.

போன வாரம் சாப்பாடு கொண்டுபோனப்ப பார்த்தேன். கல்லாப் பெட்டி மேல அந்தக் குண்டுப் புத்தகம். ஒரு பக்கத்துல ஊதுபத்தி பாக்கெட்டை அடையாளம் வெச்சிருந்துது. மெதுவா பிரிச்சுப் பார்த்தேன்.

அப்பா முதல் ஜெயில் வரைக்கும் வந்துட்டார்!