காசிக்கு இரண்டரை மணி நேரம்

காசிக்குப் புறப்படுவோர், திரும்புவது ஈசன் சித்தம் என்று உற்றாரிடம் விடைபெற்றுச் சென்ற காலம் உண்டு. இன்று சென்னை விமான நிலையத்துக்கும் காசியின் பாபத்பூர் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,400 கி.மீ.; நேரடி விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். நெடிய ரயில் பயணத்தை உடல் தாங்காது என்று ஆசையை அடக்கிக்கொண்ட முதியோர்க்கு இது பெரும் அனுக்கிரகம்.

ஆயினும் பாபத்பூரிலிருந்து நகரம் சுமார் 25 கி.மீ.; நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். விசுவநாதர் ஆலயத்தை ஒட்டிய சந்துகளை நடந்தே கடக்க வேண்டும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டுவோர் பயணச்சீட்டு எடுக்கும்போதே பதிந்துகொள்வது நலம்.

கங்கைத் தீர்த்தத்தைக் கொணர்ந்து ராமேஸ்வரத்தில் ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வித்த பின்னரே யாத்திரை நிறைவுறும் என்பது மரபு. அதற்கும் நாள் ஒதுக்கிப் புறப்படுவீர்களாக.