பண்ணை வேறு, ஸ்டேஷன் வேறு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

ஸ்டேஷன் என்றால் நமக்கு இரண்டுதான் நினைவுக்கு வரும். ஒன்று ரயில் வந்து நிற்கும் இடம். மற்றொன்று காக்கிச் சட்டைக்காரர்கள் இருக்கும் இடம். ஆனால் ஆஸ்திரேலியாவிலோ ஸ்டேஷன் என்பது மாடு மேயும் இடத்துக்கும் பெயர்! அந்நாட்டில் மாட்டுப் பண்ணைகளும் உண்டு. மாட்டு ஸ்டேஷன்களும் உண்டு. இரண்டிலும் வளர்வது மாடுதான். அப்படியிருக்க இரண்டு பெயர்கள் எதற்கு? கால்நடை இனங்களைப் பற்றிப் படிக்கும்போது எழுந்த இந்தக் கேள்வி, பல மாலைப் பொழுதுகள் என்னை நூலகத்தில் உட்கார வைத்தது. காரணம், நான் மாட்டோடு வளர்ந்தவன்.

முதலில் பண்ணையைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாந்து என்றொரு பகுதி உள்ளது. நல்ல மழையும் பசுமையும் உடையது. பால் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே பண்ணைக்காரர் தம் நிலத்தை வேலியிட்டுப் பல துண்டுகளாகப் பிரித்திருப்பார். ரை புல்லும் குளோவர் என்னும் தீவனப் பயிரும் விதைத்து, உரமிட்டு வளர்ப்பார். ஒரு துண்டில் மேய்ந்து முடித்ததும் மாடுகளை அடுத்த துண்டுக்கு மாற்றுவார். மிஞ்சிய புல்லை அறுத்து உலர்த்திச் சேமிப்பார். நாள்தோறும் கறவை உண்டு. சுருங்கச் சொன்னால், பண்ணையில் மனிதன் புல்லை வளர்க்கிறான். புல் மாட்டை வளர்க்கிறது.

ஸ்டேஷனில் புல்லை யாரும் விதைப்பதில்லை. இயற்கை எதைக் கொடுக்கிறதோ அதுதான் தீவனம். தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள அன்னா கிரீக் என்பது உலகிலேயே மிகப் பெரிய மாட்டு ஸ்டேஷன். அதன் பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். அப்படியானால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஒரே மாட்டு மந்தைக்கு! இவ்வளவு இடம் ஏன்? ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத வறண்ட பூமி அது. நல்ல காலத்தில் பத்தாயிரம் மாடுகளுக்கு மேல் மேயும். வறட்சி வந்தால் பெரும்பகுதியை வெளியேற்றிவிட வேண்டியதுதான்.

அங்கே புல்லைவிட நீரே பெரிது. ஆஸ்திரேலியாவின் அடியில் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மாபெரும் நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. அதில் ஆழ்துளையிட்டு நீர் எடுக்கிறார்கள். நீர் இருக்கும் இடத்தை விட்டு மாடு வெகுதூரம் போகாது. எனவே நீர்த்தொட்டியைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே நுழையலாம், திரும்ப முடியாது என்ற வகையில் ஒருவழிக் கதவு வைத்து மாடுகளைப் பிடிப்பதும் உண்டு. மற்றபடி குதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் ஹெலிகாப்டரிலும் சென்று மந்தையைத் திரட்டுகிறார்கள். கன்றுக்குச் சூடு போடுவதும், காதில் வில்லை மாட்டுவதும், விற்பனைக்குப் பிரிப்பதும் அப்போதுதான். மற்ற நாட்களில் மாடு மனித முகத்தையே பார்க்காமல் திரியும்.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளையர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஷார்ட்ஹார்ன், ஹியர்ஃபோர்டு இன மாடுகள் வட ஆஸ்திரேலியாவின் வெயிலிலும் உண்ணித் தொல்லையிலும் மிகவும் வாடின. 1933இல் அமெரிக்காவிலிருந்து குயின்ஸ்லாந்துக்குப் பிராமன் என்னும் திமில் மாட்டினம் வந்தது. அந்த இனம் அமெரிக்காவில் உருவானதே நம் ஓங்கோல், கிர், காங்கிரேஜ் முதலிய இந்திய மாடுகளின் வழியாகத்தான். வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் அதன் இயல்பால், இன்று வடக்கத்திய ஸ்டேஷன்களில் மேய்வன பெரும்பாலும் பிராமன் மாடுகளும் அதன் கலப்பினங்களுமே.

ஒரு விடுமுறையில் இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். "பத்தாயிரம் மாடா! அத்தனைக்கும் எப்படிப்பா பேர் வைப்பான்?" என்று சிரித்தார். எங்கள் கொட்டகையில் இருப்பவை இரண்டே. ஒன்று செவலை, மற்றொன்று மயிலை. காதில் மாட்டிய எண்ணை வைத்துத்தான் அங்கே மாட்டை அறிவார்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அது சரி, நிலம் யாருது?" என்று கேட்டார்.

எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா வாரத்துக்கு மாடு வளர்ப்பவர். மாடு ஒருவருடையது, பராமரிப்பும் உழைப்பும் எங்களுடையது, கன்று விற்றால் வருவதில் பாதி எங்களுக்கு. மேய்ச்சலுக்கு ஏரிக்கரையும் புறம்போக்கும், அறுவடை முடிந்த பிறர் வயல்களும்தான். வயல்காரர் முகம் சுளித்தால் ஓட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். ஆகவே அவருக்கு அந்தக் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. பண்ணைக்கும் ஸ்டேஷனுக்கும் உள்ள வேறுபாட்டின் உயிரே அந்தக் கேள்வியில் இருப்பதை நான் பிறகு அறிந்தேன்.

பண்ணை நிலம் பொதுவாகப் பண்ணைக்காரரின் சொந்த நிலம். ஸ்டேஷன் நிலமோ பெரும்பாலும் அரசு நிலம். மேய்ச்சலுக்கென்று நீண்ட காலக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு இத்தகைய குத்தகையில் இருக்கிறது. பெயரும் அப்படி வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் தம் குடியேற்ற எல்லையைத் தாண்டி மந்தைகளை ஓட்டிச் சென்றனர். ஆங்காங்கே குடிசை போட்டு, காவலுக்கு ஆளை நிறுத்தி வைத்தனர். ஆள் நிறுத்தப்பட்ட இடம் ஸ்டேஷன் ஆயிற்று. குடிசைகள் மாளிகைகளான பின்னும் அப்பெயர் நிலைத்துவிட்டது.

அந்த நிலம் அதற்கு முன் ஆளில்லாத வெளியா? இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்த மண் அது. தம் மண்ணிலேயே அவர்கள் ஸ்டேஷன்காரர்களின் மாட்டை மேய்த்தார்கள். கூலியாகக் கிடைத்தவை மாவும் தேயிலையும் சர்க்கரையும் இறைச்சியும் சொற்பக் காசும்தான். வட ஆட்சிப்பகுதியில் வேவ் ஹில் ஸ்டேஷனை இங்கிலாந்தின் வெஸ்டி குழுமம் நடத்தியது. 1966 ஆகஸ்டு 23 அன்று, குரிஞ்சி இனத்தைச் சேர்ந்த வின்சென்ட் லிங்கியாரி என்ற மாடு மேய்ப்பவரின் தலைமையில், தொழிலாளரும் குடும்பத்தாருமாகச் சுமார் 200 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். முதலில் அது கூலிப் போராட்டமாகத் தோன்றியது. விரைவில் அவர்கள் கேட்பது நிலத்தை என்பது தெரிந்தது. ஒன்பது ஆண்டுகள் உறுதியாக நின்றார்கள். 1975 ஆகஸ்டு 16 அன்று பிரதமர் காஃப் விட்லம் ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் கொட்டினார். அன்று கிடைத்ததும் குத்தகை உரிமைதான். முழு உரிமைப் பத்திரம் 1986இல்தான் வந்தது. மேய்ச்சல் குத்தகை இருப்பதாலேயே பழங்குடியினரின் நில உரிமை அழிந்துவிடாது என்று அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் 1996இல் விக் வழக்கில் தீர்ப்பளித்தது.

பண்ணைக்கும் ஸ்டேஷனுக்கும் வேறுபாடு கூறுக என்று தேர்வில் கேட்டால் பரப்பு, மழை, தீவனம், குத்தகை என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால் மாட்டை அதன் உடலளவால் மட்டும் அறிய முடியாது. எந்தப் புல்லை, யார் மண்ணில், யார் உழைப்பில் அது தின்கிறது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தது அப்பாவின் ஒற்றைக் கேள்விதான்.

பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. எங்கள் வீட்டில் அது இன்னும் பாதிச் செல்வமாகவே இருக்கிறது. சென்ற தை மாதம் செவலையின் கன்று விலை போனது. எங்களுக்கு வந்த பாதியில்தான் என் விடுதிக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் கட்டினோம். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். படித்து முடித்து வேலைக்குப் போனதும் ஒரு கிடாரிக் கன்று வாங்கி, அதன் கயிற்றை அப்பாவின் கையில் கொடுக்க வேண்டும். வாரம் பிரிக்க வேண்டாத கன்று. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.