ஆம்ஸ்டர்டாமும் அஞ்சு செடியும்

ஆம்ஸ்டர்டாமில் முதலில் வேலை செய்வது கண் அல்ல, மூக்கு! சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்குள் நடந்தால் வாய்க்கால் வாசனை, உருளைக்கிழங்கு வறுக்கும் வாசனை, மழையில் நனைந்த சைக்கிள் சீட் வாசனை... ஒரு சந்து திரும்பினால், நம்மூர் மலைக்கோயில் பாதையில் சில மரத்தடிகளில் மட்டும் வருமே, அந்த வாசனை! 2023 மே மாதத்திலிருந்து இந்தப் பழைய பகுதித் தெருக்களில் கஞ்சா புகைக்கத் தடை. வாசனைக்கு யார் தடை போடுவது?

"காபி வேணும்னா 'கஃபே'னு போர்டு போட்ட எடத்துக்குப் போ மச்சான். 'காபி ஷாப்'னு போட்டிருந்தா உள்ள விக்கிறது வேற சரக்கு" என்று முதல் நாளே உஷார்படுத்தினான் நண்பன். என்கூட பி.காம் படித்தவன். ஆம்ஸ்டல்வேனில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறான். ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய அந்த ஊரில் நம்மூர் கம்ப்யூட்டர்காரர்கள் ஏகப்பட்ட பேர். நண்பன் பயந்த சுபாவம்.

டச்சுச் சட்டப்படி கஞ்சா குற்றம்தான். ஆனால் 1976-ல் சட்டத்தைத் திருத்தி, ஹெராயின் வகையறா வேறு, கஞ்சா வேறு என்று பிரித்துவிட்டார்கள். அதிலிருந்து 'தெரியும், ஆனா கண்டுக்க மாட்டோம்' கதைதான். வாங்குபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். கடையில் மது கூடாது. ஒருவருக்கு 5 கிராம், கடையின் ஸ்டாக் 500 கிராம். சரி, அந்த 500 கிராம் கடைக்குள் எப்படி வந்தது? அதைக் கேட்கப்படாது! விற்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கடைக்கு சப்ளை செய்தால் குற்றம். முன்வாசல் வெள்ளை, பின்வாசல் கறுப்பு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடாத பாலன்ஸ் ஷீட்! 2023 டிசம்பரில்தான் பிரெடா, டில்பர்க் ஊர்களில், லைசென்ஸ் வாங்கிய பண்ணைகளின் சரக்கையே விற்கும் பரிசோதனையை ஆரம்பித்தார்கள். அது 10 ஊர்களுக்கு விரிந்தது. அந்த லிஸ்டில் ஆம்ஸ்டர்டாம் இல்லை.

நான் தேடிப் போனது புகையை அல்ல, விதையை. காபி ஷாப் பட்டியலில் டிபன் ஐட்டம் மாதிரி பெயர்கள்: ஸ்கங்க், ஹேஸ், நார்தர்ன் லைட்ஸ்... காட்டுச் செடிக்கு இத்தனை ரகம் எப்படி வந்தது? யாரோ உட்கார்ந்து உண்டாக்கியிருக்க வேண்டுமே!

பதில் அவுடஸைட்ஸ் ஆக்டர்புர்க்வல் என்ற வாய்க்கால் தெருவில் இருக்கிறது. (மூன்று தடவை சொன்னால் நாக்கு சுளுக்கும்.) இங்கேதான் ஹாஷ், மரிஹுவானா அண்ட் ஹெம்ப் மியூசியம். பென் டிராங்கர்ஸ் என்பவர் 1985-ல் தொடங்கியது. அதே 1985-ல்தான் டெல்லியில் நம் நாடாளுமன்றம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே மியூசியம், இங்கே ஜெயில்!

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் உயிருள்ள செடிகள், விளக்கு வெளிச்சத்தில், ஐ.சி.யூ. பேஷன்ட் மாதிரி பாதுகாப்பாக நின்றன. நான் கேமராவை எடுத்ததும் நண்பன் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். "போட்டோல நான் விழுந்துடப் போறேன்டா. மாமனார் பாத்தா அவ்ளோதான்!"

அங்கே பார்த்ததையும் கேட்டதையும் சுருக்கிச் சொல்கிறேன். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போதைப் பிசின் சுரப்பது பெண் பூவில். ஆணின் மகரந்தம் காற்றில் போகும். ஒரே ஒரு ஆண் நின்றால் போதும், சுற்றுவட்டாரப் பெண் செடியெல்லாம் விதை பிடித்துவிடும். விதை பிடித்தால் செடியின் சக்தி அங்கே போய்விடும், பிசின் குறையும். ஆகவே வியாபாரத்துக்கு வளர்ப்பவன் ஆணை முளையிலேயே கிள்ளுவான். ஆனால் புது ரகம் உண்டாக்குபவனுக்கு ஆண் வேண்டும். எந்த ஆண்? அதுதான் தலைவலி. காளை பால் கறக்காது. அதன் மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்று பார்த்துத்தான் காளைக்கு மதிப்புப் போடுவார்கள். இதுவும் அப்படியே. மகள்கள் வளர்ந்து பூக்கும்வரை அப்பாவின் லட்சணம் தெரியாது.

தனித்தனி குணம் ஊறிப்போன இரண்டு ரகங்களைச் சேர்த்தால் முதல் தலைமுறை ஏறக்குறைய ஒரே அச்சாக வரும். 'ஆஹா, புது ரகம்!' என்று பெயர் வைத்துவிடக் கூடாது. அடுத்த தலைமுறையில் குட்டு வெளிப்படும். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று தாத்தா ஜாடை, ஒன்று யார் ஜாடை என்றே தெரியாது! அந்தக் கூட்டத்திலிருந்து பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்கி... ஐந்தாறு தலைமுறை தாண்டினால்தான் பெயர் நிலைக்கும். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டிருந்தால் வம்சம் நோஞ்சானாகும் என்ற பயம் வேறு. விதைக்காரனின் முக்கால்வாசி வேலை வளர்ப்பது அல்ல, தூக்கி எறிவது.

ஹாலந்துக்கு இன்னொரு சங்கடம். இது 52 டிகிரி வடக்கு. கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். கஞ்சாவோ ராத்திரி நீண்டால்தான் பூக்கும். கேரளா, கொலம்பியா மாதிரி வெப்ப நாட்டுச் செடி இங்கே பூத்து முடிப்பதற்குள் பனி கொட்டிவிடும். குளிர் மலையிலிருந்து வந்த ஆப்கன் செடி குட்டை, சீக்கிரம் பூக்கும். இரண்டையும் கலந்ததில்தான் இந்தத் தொழிலே பிறந்தது. மெக்ஸிகோ, கொலம்பியா, ஆப்கானிஸ்தான் மூன்றும் கலந்து கலிஃபோர்னியாவில் உருவான ஸ்கங்க், 1980-களில் விதையாக ஹாலந்துக்கு வந்தது. 'ஹேஸ்' ரகத்தில் தென்னிந்திய விதையும் உண்டு என்பது இந்தத் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வவுச்சர் கிடையாது.

அந்த நாளில் இங்கிருந்து அமெரிக்காவுக்குத் தபாலில் விதை அனுப்பிக் கொழித்தவர், ஆஸ்திரேலியாவில் பிறந்த நெவில் ஷோன்மேக்கர்ஸ். 1989-ல் அமெரிக்க அதிகாரிகள் இந்த விதை வியாபாரத்தைக் குறிவைத்துப் பெரிய வேட்டையே நடத்தினார்கள். 1990-ல் ஊருக்குப் போன இடத்தில் நெவில் கைதானார். அவர் கையிலிருந்த ரகங்கள் டிராங்கர்ஸின் சென்சி சீட்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. நெவில் 2019-ல் காலமானார்.

ஆண் செடியைக் கிள்ளும் வித்தை என்னவோ கலிஃபோர்னியாக் கண்டுபிடிப்பு என்றுதான் வெளியில் பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் ஸார் எனக்கு நம்மூர் ரோஷம் வந்தது! 1893-94-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்தியக் கஞ்சா கமிஷன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, ஏழு வால்யூம் எழுதியது. அதில் வங்காளத்து நவோகாவ் வயல்கள் வருகின்றன (இப்போது பங்களாதேஷ்). அங்கே 'போத்தார்' என்று ஒருவர் உண்டு. வயலில் இறங்கி, செடி செடியாகப் பார்த்து, ஆண் எதுவென்று பூக்கும் முன்பே கண்டுபிடித்துப் பிடுங்கிப் போடுவது அவர் தொழில். துரைமார்கள் அவருக்கு வைத்த பெயர் 'கஞ்சா டாக்டர்'. எம்.பி.பி.எஸ். இல்லை, பூதக்கண்ணாடி இல்லை. பரம்பரைக் கண். கமிஷனும் முழுத் தடை வேண்டாம் என்றுதான் முடித்தது. இன்று அதே இந்தியாவில் ஒரு செடி வளர்த்தால்கூட 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம்!

'அப்படியானால் வளர்க்க விடலாமே' என்று கேட்பவர்களுக்கு, ஆம்ஸ்டர்டாமே ஒரு பதில் வைத்திருக்கிறது. அது இனிப்பான பதில் அல்ல.

இந்த நாற்பது வருஷத்தில் விதைக்காரர்கள் தேடியது ஒன்றே ஒன்று: வீரியம். டி.ஹெச்.சி. என்ற போதைச் சத்து, ஹாலந்தில் விளையும் கஞ்சாவில் 2000-ல் சராசரி 9 சதவிகிதத்துக்குப் பக்கம் இருந்தது. 2004-ல் 20-ஐத் தொட்டது. போதை தராத சி.பி.டி. என்ற இன்னொரு சத்தையும் செடி அதே கச்சாப் பொருளிலிருந்துதான் செய்கிறது. ஒன்றை ஏற்றினால் மற்றது தேய வேண்டியதுதான். லெட்ஜரில் ஒரு காலத்தை மட்டும் பார்த்துக் கம்பெனி நடத்தினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் ஆய்வு செய்து 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியிட்டார்கள். வீரியக் கஞ்சாதான் காரணம் என்று வைத்துக்கொண்டால், அது கிடைக்காமல் போனாலே ஆம்ஸ்டர்டாமில் புதிதாகப் புத்தி பேதலிப்பவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறது கணக்கு. லண்டனில் 30 சதவிகிதம். பெரும்பாலும் நம் வயசுப் பையன்கள் ஸார்.

செடிக்கும் நஷ்டம்தான். மொராக்கோவின் ரீஃப் மலையில் மழைத் தண்ணீரிலேயே பிழைத்து வந்த நாட்டு ரகத்தை, வெளியிலிருந்து வந்த ஒட்டு விதைகள் ஓரங்கட்டின. புது ரகத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி மாளவில்லை. ஐ.ஆர்.8 வந்தபோது நம் தாத்தாக்கள் பேசிக்கொண்ட அதே பேச்சு!

வீட்டில் ஒருவர் 5 செடிவரை வளர்த்தால் இங்கே வழக்குப் போடுவதில்லை. போலீஸ் பார்த்தால் பிடுங்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஐந்தில் பாதி ஆண். மிச்சம் இரண்டு, மூன்று. அதில் எதைப் பொறுக்குவது? ரெண்டு பேரை நிறுத்தி உலக அழகிப் போட்டி நடத்துகிற கதை! நூற்றுக்கணக்கில் விதைப்பவனால்தான் பொறுக்க முடியும். எனவே எந்தக் குணம் வாழவேண்டும், எது சாகவேண்டும் என்று தீர்மானிப்பது கம்பெனிதான். கம்பெனிக்கோ ஒரு காலம்தான் கண்ணில் படும்.

சிங்கல் வாய்க்கால் பூக்கடைத் தெருவில் டூரிஸ்ட்டுகளுக்காகக் கஞ்சா விதையைத் தகர டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். நான் ஒன்றைக் கையில் எடுத்ததுதான் தாமதம், நண்பன் பிடுங்கித் திரும்ப வைத்தான். "கசகசா கொண்டுபோய் துபாய்ல மாட்டினவன் கதை தெரியுமில்ல? மீனம்பாக்கத்துல நீ மாட்டினா நான் உன்னைத் தெரியாதுன்னுடுவேன்!"

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனோம். ஹால் ஜன்னலோரம் ஹீட்டர் பக்கத்தில் தொட்டியில் ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி, முழங்கால் உயரம்.

"ஊர்லேருந்து வந்த ஒருத்தர் கொடுத்தார். அஞ்சு நட்டேன். முதல் குளிர்லயே ரெண்டு போச்சு, அடுத்த வருஷம் ரெண்டு. இது மட்டும்தான் நிக்குது" என்றான், அப்பா தோரணையில். "இது பழுத்து விதை விடட்டும். இந்த ஊர் குளிருக்குத் தாங்குற கறிவேப்பிலை இதுலேருந்துதான் வரணும். ஆம்ஸ்டல்வேன் பூரா ஓசியில குடுப்பேன் பாரு!"

ரசத்துக்கு இரண்டு இலை கிள்ளப் போனேன். கையில் ஒரு தட்டு விழுந்தது.