வீட்டுப்பாடம் கரும்பலகையில் இருக்கட்டும்

வகுப்பறைக்குத் திரை வந்தபோது மகிழ்ந்தவன் நான். உயிரியல் ஆசிரியனாக, இதயத்தின் நான்கு அறைகளையும் வண்ணச் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்துவிடுவேன். வால்வு திறந்து மூடுவதைச் சாக்பீஸ் எப்படிக் காட்டும்? 2018-இல் புதிய பாடநூல்கள் காணொளியைத் திறக்கும் க்யூஆர் கோடுகளோடு வந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. திரை ஆசிரியர் கையில் இருந்தால் நல்லது. இரண்டு நிமிடம் காட்டுவார், நிறுத்துவார், கேள்வி கேட்பார்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மறுபடி வகுப்பில் உட்கார 2021 நவம்பர் 1 ஆகிவிட்டது. அதுவரை கல்வித் தொலைக்காட்சியும், வசதியிருந்த வீடுகளில் செல்போனும்தான் பள்ளிக்கூடம். அன்று வேறு வழியில்லை. ஆனால் பள்ளி திறந்த பிறகும் பல பள்ளிகளில் வாட்ஸ்அப் வகுப்புகளுக்கு மூடுவிழா நடக்கவில்லை. என் வருத்தம் அதுதான்.

இருட்டிய பிறகு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வருகிறது. “மிஸ் ஹோம்வொர்க் அனுப்பியிருக்காங்க, போனைக் குடும்மா” என்று பிள்ளை கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்? கணக்கைக் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அதற்குள் நண்பனின் செய்தி, அடுத்து ரீல்ஸ், அப்புறம் விளையாட்டு. போனைப் பிடுங்கினால் அழுகை, சில வீடுகளில் அடியும் விழுகிறது. பழி பிள்ளைக்கும் தாய்க்கும். போனைக் கையில் எடுக்கவைத்தது பள்ளி என்று யாரும் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. முன்பெல்லாம் விடை வராத கணக்கோடு அரைமணி நேரம் தனியே மல்லுக்கட்டுவான் பிள்ளை. தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போடுவான். மறுநாள் வகுப்பில் அவன் கேட்கும் சந்தேகம் அங்கேதான் பிறக்கும். இப்போது யாரோ ஒருவன் போட்ட விடையின் படம் எட்டு மணிக்கே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவிடுகிறது. சந்தேகம் கேட்கும் கைகள் வகுப்பில் குறைந்துவிட்டன.

பிரான்ஸ் 2018-லேயே பள்ளிகளில் மாணவரின் செல்போனுக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. நம் பள்ளிகளும் வாசலில் போனைத் தடுக்கின்றன. வாசலில் தடுத்ததை வீட்டில் நாமே திணிப்பது நியாயமா?

ஆசிரியத் தோழர்களே, கடைசி மணி அடிக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள், பிள்ளைகள் டைரியில் எழுதிக்கொள்ளட்டும். தேர்வுத் தேதியும் விடுமுறை அறிவிப்பும் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் போகட்டும். பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தயங்காமல் கேளுங்கள்.