சீர் வரிசையில் ஒரு வெத்தலைத் தொட்டி

போன வருஷம் சென்னையில் இருக்கிற தங்கச்சிக்குப் பொங்கல் சீர் கொண்டு போனேன். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் வழக்கம் போல. போற வழியில் ஒரு நர்சரியில் ரோஜாத் தொட்டி கண்ணைப் பறித்தது. ஒரே செடியில் ஏழு பூ. விவசாயி அண்ணன் செடி கொடுக்காம வேற யார் கொடுப்பான்னு பெருமையா வாங்கிட்டுப் போனேன்.

மாசி பிறக்கிறதுக்குள்ள செடி போயிடுச்சு. போனில் அழாத குறை.

"காலையில சாயங்காலம் தவறாம தண்ணி ஊத்துனேன் அண்ணே. அம்மா கைராசி எனக்கு இல்ல. என் கைக்கு எதுவும் நிக்காது போல."

அம்மா போய் மூணு வருஷம் ஆகுது. அவ அப்படிச் சொன்னது எனக்கு என்னமோ போல இருந்தது. அந்த மாசியிலேயே ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனப்போ தொட்டியைப் பார்த்தேன். துளிர்க்குமோன்னு அந்தக் குச்சிக்கு இன்னும் தண்ணி ஊத்திட்டு இருக்கா!

பால்கனி வடக்குப் பார்த்தது, எதிரே ஒரு கட்டடம். வெயில் எட்டியே பார்க்காது. ரோஜாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேணும். தொட்டியில் மண்ணே இல்லை, முக்கால்வாசி தேங்காய் நார்க்கழிவு. அது மேலே காய்ஞ்ச மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிக்கும். அடியில் இருந்த தட்டிலும் தண்ணி தேங்கிக் கிடந்தது. செடியைப் பிடுங்கினா வேரெல்லாம் கறுத்து அழுகியிருக்கு. காய்ஞ்சு சாகலை, மூழ்கிச் செத்திருக்கு.

தப்பு அவ கையில் இல்லை. வீட்டைப் பார்க்காம பூவைப் பார்த்து வாங்கின என் மேலதான். சொன்னேன், அவ நம்பலை.

எங்க ஊர் சோழவந்தான் பக்கம். இங்கே கொடிக்காலில் அகத்தி நிழலில் விளையிற வெத்தலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. எங்க வீட்டிலும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வச்ச கொடி ஒண்ணு முருங்கையில் ஏறிக் கிடக்கு. நேர் வெயில் வேண்டாம், ஈரம் பிடிக்கும். அந்தப் பால்கனிக்கும், அளவு பார்க்காம ஊத்துற அந்தக் கைக்கும் இதுதான் தோதுன்னு பட்டது.

ஐப்பசியிலேயே நாலு கணு விட்டு அஞ்சு துண்டு வெட்டினேன். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின சாணி எரு ஒரு பங்கு. தொட்டி ஓட்டை மேல ஓட்டுச் சில்லு. ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நட்டேன். மூணு பிடிச்சது. இந்தப் பொங்கலுக்கு ரயிலில் மடியில் வச்சே கொண்டு போனேன்.

அவகிட்ட மூணு விஷயம்தான் சொன்னேன். விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாரு, ஈரம் ஒட்டினா அன்னைக்குத் தண்ணி வேண்டாம். தட்டில் தேங்கினா உடனே கொட்டிடு. ஆர்.ஓ. கழிவுத் தண்ணி ஊத்தாத, வெத்தலைக்கு உப்பு ஆகாது.

நீங்களும் பண்டிகைக்கு யாருக்காவது செடி கொடுக்கிறதா இருந்தா, நர்சரிக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க வீட்டில் வெயில் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம்னு கேட்டுக்கோங்க. முடிஞ்சா ரெண்டு மாசம் முன்னாடியே நீங்களே நட்டு, வேர் பிடிச்சதும் கொடுங்க.

போன வாரம் போன் வந்தது.

"அண்ணே, பத்து இலை விட்டிருக்கு. பறிக்கத்தான் மனசு வரல."

"கீழ இருக்கிற முத்தின இலையாப் பார்த்துப் பறி பாப்பா. அம்மா பறிக்காமயா இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. வெள்ளிக்கிழமை ஒரு போட்டோ அனுப்பினா. அம்மா படத்துக்கு முன்னால ரெண்டு வெத்தலை, ஒரு கொட்டைப்பாக்கு.