ஓரியின் மலையில் (கிழக்கு மலைகள் – 4)

நாமக்கல் கோட்டையைச் சென்ற இதழோடு விட்டாயிற்று. கொல்லிமலை அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் போனால் கம்பியைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும். பைனாகுலரை யார் பிடிப்பது? பைக்கில் ஏறினேன். பாறையும் முட்புதருமான கீழ்ச்சரிவில் நின்று நின்று மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடினேன். தீபகற்ப இந்தியாவின் பாறை மலைகளைத் தவிர உலகில் எங்கும் இல்லாத பறவை. எனக்குக் காட்சி தந்தவை, மேலே போகப்போக, செம்மீசைச் சின்னான்கள்தாம்.

மலைமேல் செம்மேட்டில், கொல்லியை ஆண்ட வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் கதையை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். எல்லோரும் அதில் வில்லாண்மையைப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ அது இந்த மலையின் பழைய விலங்குப் பட்டியலாகவே படுகிறது. யானையும் புலியும் இன்று இங்கே இல்லை. டீக்கடைக்காரரிடம் மற்றவற்றைக் கேட்டேன்.

“பன்னி தெனமும் வருதுங்க, மரவள்ளியத் தோண்டிப்போடுது.”

“உடும்பு?”

“அதையெல்லாம் நாங்க பாக்கறதே இல்லீங்க!” என்று அவசரமாகச் சர்க்கரையைக் கலக்கினார். என்னை வனத்துறை ஆள் என்று நினைத்துவிட்டார் போல.

சாமையும் தினையும் விளைந்த மேட்டு நிலங்களை ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. சில்வர் ஓக்கில் மிளகு படர்ந்த தோட்டங்களில் வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாய்த் திரிகின்றன. குறை சொல்ல முடியாது. ஆனாலும் அடர்ந்த காட்டுக்குரிய பறவை வேண்டுமென்றால் சாமி இருக்கும் இடத்துக்குத்தான் போகவேண்டும். கோயில் காட்டில் சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள். அப்படியொரு சோலையில், ஜனவரி மாலையில், ஆறுமணிக்குருவி இரண்டு முறை விசிலடித்தது. வடக்கே இமயமலை அடிவாரம்வரை கூடு கட்டிவிட்டுக் குளிருக்குத் தெற்கே வரும் இனம்.

பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உண்டு. இவர்மேல்தான் அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடினார். இங்கே ஆற்று மீனும் சாமிக்குச் சொந்தம். யாரும் பிடிப்பதில்லை, பொரிதான் போடுகிறார்கள். கோயிலருகிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை; ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. குளிப்பவர்கள் கூச்சலுக்கு நடுவிலும் சாம்பல் வாலாட்டி ஒன்று ஈரப்பாறையில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. பறவைக்காகப் போகிறவர்கள் விடிந்ததும் இறங்கிவிடுங்கள். ஏறும்போது மூச்சு வாங்க நிற்கும் இடமெல்லாம் பறவை பார்க்கத் தோதான இடம்தான்.